மூன்று டிக்கெட், ஒரே பயணம்

— ஜன்னல் சீட்தானே உனக்குப் போட்டேன், கிளைவ்? வெளியில என்ன தெரிஞ்சுதுன்னாவது சொல்லு. எழுத ஏதாவது வேணும்.

— வயலு. மழை. ஆடு. இதையெல்லாமா ரயில் கம்பெனிக்கு எழுதப் போற?

— ஆட்டை எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் அந்த வண்டியில லீட்ஸ் வரைக்கும் உக்காந்துட்டுப் போனார்னு அவங்களை நம்ப வைக்கணும். அதுக்கு எது உதவுமோ அதை எழுதுவேன். டோஸ்ட்டு ஆறுது பாரு, சாப்பிடு.

— பசிக்கல. ஜானிஸ், இதை விட்டுடேன். வண்டி லேட்டானதுக்கு எத்தனை பவுண்டு நஷ்டஈடு வந்துடப் போகுது? பிசாத்துக் காசு.

— காசுக்காகவா பண்றேன்? அந்த வண்டி ஒழுங்கா போயிருந்தா நீ இன்னேரம் வேலைக்குப் போயிட்டிருப்ப. ஃபாக்டரியை மூடினதுலேருந்து உனக்கு வந்த ஒரே இன்டர்வியூ. அதையும் கெடுத்துட்டான். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?

— கெடுத்தா கெடுத்துட்டுப் போறான். பரவால்ல, விடு.

— உனக்கு எல்லாமே பரவால்ல. சட்டை கிழிஞ்சாலும் பரவால்ல, கூரை ஒழுகினாலும் பரவால்ல. நானும் உன்ன மாதிரி இருந்திருந்தா இந்த வீட்டுல பாதிச் சாமான் இருந்திருக்காது. இந்தக் கெட்டில் யாரு குடுத்தது? நியூகாசில்ல என்னை நடுங்க வச்ச வண்டி குடுத்தது. உன் கால்ல இருக்கிற செருப்பு? எங்கக்கா கல்யாண நாளுக்குப் போனப்ப பர்மிங்காம்ல பழுதாகி நின்னுதே, அந்த வண்டி.

— தெரியும். தெருவுல எல்லாருக்கும் தெரியும். எதிர் வீட்டு டோரீன், வண்டி லேட்டாகணும்னு நீ வேண்டிக்கிட்டே ஏறுறதா சொல்லிட்டுத் திரியறா.

— சொல்லட்டும். அவளுக்கு க்ளெய்ம் பண்ணத் தெரியாது, வயித்தெரிச்சல். சரி, கேளு. விளையாட்டு இல்ல இது. நான் உனக்கு முழுசா சொல்லல. சொன்னா நீ கவலைப்படுவேன்னு சொல்லல.

— என்ன சொல்லல?

— எப்பவும் போல க்ளெய்ம் போட்டேன், எப்பவும் போல பணம் வரும்னு இருந்தேன். வியாழக்கிழமை ஒரு மெயில் வந்துச்சு. பணம் தர மாட்டோம்னு இல்ல. மோசடின்னு சந்தேகப்படறோம், திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் குடுங்கன்னு.

— மோசடியா?

— அந்த வார்த்தையேதான். நாலு தடவை படிச்சுப் பாத்துட்டேன்.

— மூணு டிக்கெட்டா வாங்கினியே, அதனாலயா? நான் அப்பவே சொன்னேன், ஒரே வண்டிக்கு எதுக்கு மூணு டிக்கெட்டுன்னு.

— அது குத்தமே கிடையாது. ஊரே அப்படித்தான் வாங்குது. டெர்பியிலேருந்து லீட்ஸ்க்கு ஒரே டிக்கெட்டா எடுத்தா கொள்ளை. செஸ்டர்ஃபீல்டு வரைக்கும் ஒண்ணு, அங்கேருந்து ஷெஃபீல்டுக்கு ஒண்ணு, அப்புறம் லீட்ஸ்க்கு ஒண்ணுன்னு எடுத்தா பாதிதான். வண்டி அந்த ஊர்ல எல்லாம் நிக்கணும், அவ்வளவுதான் சட்டம். நீ உக்காந்த சீட்டை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

— அப்புறம் என்னதான் பிரச்சனை?

— நஷ்டஈடு கேக்கும்போது மூணையும் சேத்து ஒரே பயணமா காட்டணும். கடைசியா எந்த ஊருக்கு டிக்கெட்டோ அங்க எவ்வளவு லேட்டு, அதுதான் கணக்கு. விவரம் தெரியாதவங்க லேட்டான துண்டுக்கு மட்டும் கேப்பாங்க. உன் வண்டி செஸ்டர்ஃபீல்டுக்குச் சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கு. அங்க போய்த்தான் மாட்டிக்கிச்சு. ஆனாலும் முதல் டிக்கெட்டுக்கும் பணம் உண்டு. நான் மூணுக்கும் கேட்டேன். சரியாத்தான் கேட்டேன்.

— சரியா கேட்டா எதுக்கு பயப்படணும்?

— ஏன்னா முதல் டிக்கெட்டை மட்டும்தான் செக்கர் பாத்திருக்காரு. மத்த ரெண்டையும் யாரும் பாக்கல. லீட்ஸ்ல வெளிய போறதுக்கு கேட் இருக்கே, டிக்கெட்டைக் காட்டினாத்தானே திறக்கும்? அதுலயும் உன் டிக்கெட் பதிவாகல. போகாத பயணத்துக்குப் பணம் கேக்கறீங்களான்னு கேக்கறாங்க.

— கேட்டைத் திறந்து விட்டுட்டாங்க. வண்டி அவ்வளவு லேட்டு, ஜனங்க கத்திட்டிருந்தாங்க. எல்லாரையும் அப்படியே போங்கன்னு விட்டுட்டாங்க.

— அப்படியா?

— ஆமா. லேட்டானா அப்படித்தானே செய்வாங்க. நீயே பாத்திருப்பியே.

— பாத்திருக்கேன். சரி, அதை எழுதிக்கறேன். செக்கர்?

— வரல. இல்ல, வந்தாரு. கூட்டத்துல என்னைத் தாண்டிப் போயிட்டாரு போலிருக்கு. தெரியல ஜானிஸ். நான் என் கவலையில உக்காந்திருந்தேன்.

— எதுக்கு லேட்டுன்னு வண்டியில ஏதாவது சொன்னாங்களா? தண்டவாளத்துல யாரோ இறங்கிட்டாங்கன்னு அவங்க வெப்சைட்ல போட்டிருக்கு. காரணம் எதுவா இருந்தாலும் பணம் தரணும், அதுல அவங்க தப்பிக்க முடியாது.

— காது குடுத்துக் கேக்கல. இன்னொரு டீ போடட்டுமா?

— உக்காரு. இப்பதானே ஒண்ணு குடிச்ச. கப்பைக் கீழ வை. எதுக்கு இத்தனை டீ?

— குளிரு.

— ஹீட்டர் எரிஞ்சிட்டிருக்கு.

— ஜானிஸ், க்ளெய்மை வாபஸ் வாங்கிடு. தெரியாம போட்டுட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு எழுதிடு. முடிஞ்சு போச்சு.

— முடியாது கண்ணு. வாபஸ் வாங்கினா ஒத்துக்கிட்ட மாதிரி. என் பேர்ல இருக்கிற கணக்கு அது. டிக்கெட் வாங்கினது நான், பணம் கேட்டது நான். இதுவரைக்கும் நான் வாங்கின எல்லாத்தையும் தோண்டிப் பாக்கப் போறதா எழுதியிருக்காங்க. கெட்டில், செருப்பு, எல்லாம். கோர்ட்டுக்கும் போவோம்னு.

— கெட்டிலுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போக மாட்டாங்க.

— நான் எங்க வேலை பாக்கறேன், கிளைவ்? பேங்க்ல. கவுன்ட்டர்ல உக்காந்து மத்தவங்க பணத்தை எண்றேன். மோசடின்னு என் பேர்ல ஒரு கோடு விழுந்தா மறுநாள் காலையில என் மேஜையைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அந்தச் சம்பளம் ஒண்ணுதான். வீட்டுக் கடன் அதுலதான் போகுது. நீ சும்மா இருக்கேன்னு குத்திக்காட்டறதுக்காகச் சொல்லல. எனக்கு பயமா இருக்கு. ரெண்டு ராத்திரியா தூங்கல நான்.

— என்னை மன்னிச்சிடு.

— நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? நீதான் போனியே.

— உன்ன இதுல மாட்டி விட்டுட்டேன்ல, அதுக்கு.

— சரி, கேளு. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட அந்த பம்ப் கம்பெனியில என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லு. நிதானமா. நீ அங்க போனேன்னு அவங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், ரயில்காரன் வாயை மூடிடுவான்.

— அவங்களுக்கெல்லாம் போன் பண்ணாத.

— முதல்ல சொல்லு. ஸ்டேஷன்லேருந்து எப்படிப் போன?

— நடந்து. ஆத்தோரமா.

— உள்ள போனதும் யாரைப் பாத்த?

— வரவேற்புல ஒரு அம்மா. பேரு கேட்டாங்க, சொன்னேன். நேரம் முடிஞ்சு போச்சு, லேட்டா வந்தவங்களைப் பாக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. வாசலோட திரும்பிட்டேன். இதைத்தான் அன்னைக்கே சொன்னேனே.

— லேட்டா வந்தவங்களைப் பாக்க மாட்டோம்னாங்களா?

— ஆமா. கொஞ்சம் திமிராத்தான் சொன்னாங்க.

— கிளைவ், இதை நீ சொல்லக்கூடாது சொல்லக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே கேட்டேன்.

— ஏன்?

— நேத்து மதியம் பேங்க்லேருந்து அவங்களுக்குப் போன் பண்ணிட்டேன்.

— எதுக்குப் பண்ண? எதுக்கு ஜானிஸ் பண்ண?

— அந்த ஒரு வரிக்காகத்தான். மிஸஸ் ஆக்ராய்டுன்னு ஒரு அம்மா எடுத்தாங்க. திமிரெல்லாம் இல்ல, தங்கமானவங்க. உன் பேரைச் சொன்னதும் அவங்களே ஆரம்பிச்சாங்க, உங்க வீட்டுக்காரர் ஏன் வரல, உடம்பு சரியில்லையான்னு. நான் சிரிச்சேன். வந்தாரும்மா, வண்டி லேட்டு, நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்கன்னேன்.

— ஜானிஸ்.

— இருங்க பாத்துச் சொல்றேன்னு போனாங்க. வந்து சொன்னாங்க, அதே வண்டியில இன்னும் ரெண்டு பேர் வந்தாங்களாம். நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்திருக்காங்க. அவங்களுக்கு டீ குடுத்து, துண்டு குடுத்து, மத்தியானத்துக்கு மேல இன்டர்வியூ வச்சு அனுப்பியிருக்காங்க. உனக்காகவும் காத்திருந்தாங்களாம். சாயங்காலம் வரைக்கும் உன் காயிதத்தை மேஜையிலேயே வச்சிருந்தாங்களாம்.

— காத்திருந்தாங்களா?

— சாயங்காலம் வரைக்கும்.

— எனக்குத் தெரியாது.

— போனாத்தானே தெரியும். போனை வச்சுட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? லேடீஸ் ரூம்ல போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு நின்னேன். வெளிய வந்து மறுபடியும் பணம் எண்ணினேன். ரெண்டு தடவை தப்பா எண்ணிட்டேன். இத்தனை வருஷத்துல நான் தப்பா எண்ணினதே இல்ல.

— நேத்தே ஏன் கேக்கல?

— கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு பயம். ராத்திரி பூரா நீ மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். நீயும் தூங்கல. எங்க போன கிளைவ்?

— எங்கேயும் போகல.

— டெர்பியில நானே வண்டி ஏத்தி விட்டேன். கையசைச்ச. செஸ்டர்ஃபீல்டுக்கு முன்னாடி செக்கர் உன் டிக்கெட்டைப் பாத்திருக்கார். அப்புறம் நீ இல்ல. அங்க இறங்கிட்ட, இல்லையா?

— ஆமா.

— செஸ்டர்ஃபீல்டுல யாரு இருக்கா?

— யாருமே இல்ல.

— யாரும் இல்லாத ஊர்ல எதுக்கு இறங்கின? இன்டர்வியூவுக்குன்னு நான் இஸ்திரி போட்ட சட்டையில எவளைப் பாக்கப் போன?

— அப்படியெல்லாம் இல்ல ஜானிஸ்.

— இல்லைன்னா வேற என்னன்னு சொல்லு. இருந்தாக்கூட பரவால்ல, சொல்லு. நான் இப்படிச் சொல்வேன்னு நானே நினைச்சுப் பாத்ததில்ல. ஆனா தெரியாம இருக்கிறது அதைவிட மோசமா இருக்கு. பொம்பளை யாராவது இருந்தாளா அங்க?

— ஒரு பொண்ணு இருந்தா.

— சரி.

— நீ நினைக்கிற மாதிரி இல்ல.

— நான் என்ன நினைக்கறேன்னு உனக்குத் தெரியாது. பேரு என்ன?

— கேக்கல. சொல்லியிருப்பா, எனக்கு நெனப்பில்ல. சின்னப் பொண்ணுதான். ரயில்வேல வேலை பாக்கறவ. ஆரஞ்சு கோட்டு போட்டிருந்தா.

— எவ்வளவு நாளா?

— அன்னைக்குத்தான் முதல் தடவையா பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கல. அவ என்கிட்ட ரொம்ப நேரம் பேசினா. எதைப் பத்தியோ பேசினா. அவ வீட்டுப் பூனையைப் பத்தி, அது ஃபிரிட்ஜ் மேலேயே படுத்துக்குமாம். என்னைப் பத்திக் கேட்டா. உன்னைப் பத்திக் கேட்டா. நீ வண்டி லேட்டானா கெட்டில் வாங்குவேன்னு சொன்னேன். சிரிச்சா.

— என்னைப் பத்தி ஒரு ரயில்வே பொண்ணுகிட்ட சொல்லிச் சிரிச்சியா?

— நான் சிரிக்கல. அவதான் சிரிச்சா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவேயில்ல. ஒரு ரூம்ல உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்தா, சக்கரையை அள்ளிப் போட்டு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் கையை விடல.

— எனக்குப் புரியல கிளைவ். உன் சாம்பல் நிறக் கோட்டு எங்க? வண்டியில மறந்துட்டேன்னு சொன்னியே, அதாவது நிஜமா?

— நிஜம்தான். சீட் மேல விட்டுட்டு இறங்கிட்டேன்.

— மறந்து போயா?

— இல்ல.

— பிப்ரவரி மாசம், கொட்டற மழை. ஒரு பொண்ணைப் பாக்கப் போறவன் கோட்டை விட்டுட்டு இறங்குவானா? பர்ஸு அதுல இருந்துச்சு. வீட்டுச் சாவி அதுல இருந்துச்சு. அன்னைக்கு நீ பெல் அடிச்சுத்தான் உள்ள வந்த.

— வேணாம் ஜானிஸ். இங்கேயே நிறுத்திக்கோ. உனக்கு வேண்டியது என்ன, ரயில்காரனுக்கு ஒரு பதில். நான் பாதியிலேயே இறங்கிட்டேன், உன்கிட்ட பொய் சொன்னேன், நீ அதை நம்பி க்ளெய்ம் பண்ணிட்டேன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன். மோசடி பண்ணது நான்தான், நீ இல்ல. உன் வேலை போகாது.

— ரயில்காரன் நாசமாப் போகட்டும். லேப்டாப்பை மூடிட்டேன், பாரு. இப்ப நான் கேக்கறது எனக்காக.

— பயமா இருக்கு ஜானிஸ்.

— எனக்கும்தான். என் மூஞ்சியைப் பாரு. ஏன் ஜன்னலைப் பாக்கற? இங்க பாரு.

— பாக்கறேன்.

— ஃபாக்டரி மூடினதுலேருந்து நீ சரியா சாப்பிடறதில்ல. சொல்லி வச்ச மாதிரி எல்லாத்துக்கும் பரவால்லன்னு சொல்ற. நானும் சரின்னு டிக்கெட்டு, கெட்டில், செருப்புன்னு பேசிட்டுக் கிடந்தேன். நான் கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். ராத்திரி பூரா ஒரு விஷயம் எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

— என்ன?

— செஸ்டர்ஃபீல்டு வரைக்கும் அந்த வண்டி சரியான நேரத்துக்குத்தான் போச்சு. முதல் டிக்கெட்டுக்கு லேட்டே கிடையாது. நீ அங்கேயே இறங்கிட்ட. அதுக்கப்புறம் அது எப்ப கிளம்புச்சு, எங்க நின்னுச்சு, உனக்குத் தெரியவே நியாயம் இல்ல. ஆனா அன்னைக்கு நான் கதவைத் திறந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, வண்டி லேட்டாயிடுச்சு ஜானிஸ்னு. யாரும் உனக்குச் சொல்லல, நீ அதுல இல்ல. அது நகராம நின்னுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— பாத்துக்கிட்டிருந்தேன்.

— பிளாட்பாரத்துலேருந்தா?

— இல்ல. முன்னாடியிலேருந்து. தண்டவாளத்துல நின்னுக்கிட்டு.